ஃபைண்டரை யார் தொட்டது

அரியலூர்
4.9.2003

இலக்கியாவுக்கு,

நீ நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தாய் என்று மாமா போனில் சொன்னார். உன்னிடம் கொடுக்கச் சொன்னேன். "படுத்திருக்கு மாப்ள" என்றார். மறுநாள் "குளிக்குது" என்றார். நேற்று "கோயிலுக்குப் போயிருக்கு" என்றார். ஏழு மாத வயிற்றோடு உனக்கு இத்தனை வேலை இருக்கிறது என்று தெரியாமல் போய்விட்டது. அதனால்தான் இந்தக் கடிதம்.

வேனில் ஏறும்போது நீ என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. வளைகாப்பு முடிந்து தாய் வீட்டுக்குக் கிளம்புகிற பெண் 'போய் வருகிறேன்' என்று சொல்லக் கூடாது, சொல்லிக்கொள்ளாமல்தான் போக வேண்டும் என்று அம்மா சொன்னாள். வழக்கம் என்றால் சரி, நான் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

என் நிலைமையையும் கொஞ்சம் நினைத்துப் பார். செவ்வாய் அறுபதாயிரம் வருடத்தில் இவ்வளவு கிட்டே வந்ததில்லை என்று பேப்பரில் போட்டிருக்கிறான். என் கையால் கண்ணாடி தேய்த்துச் செய்த தொலைநோக்கி. அதன் முதுகில், முதலில் குறி பார்த்துப் பிடிக்க, சார்ஜாவிலிருந்து என் சிநேகிதன் சைபுல்லா வாங்கி வந்த சின்னக் குழாய், புது ஃபைண்டர். உன் வீட்டு ஆட்கள் அத்தனை பேரையும் சாயங்காலம் கிளம்ப விடாமல் எட்டு மணி வரை நிறுத்தி வைத்தேன். கீழே வேன்காரன் ஹாரன் அடித்துக்கொண்டே இருக்கிறான். ஃபைண்டரில் பார்த்தால் குறுக்குக் கம்பியின் நட்டநடுவில் செவ்வாய் நிற்கிறது. பெரிய குழாயில் கண்ணை வைத்தால் வெறும் இருட்டு. அரை மணி நேரம் தேடினேன். உன் அக்கா வீட்டுக்காரர் "செவ்வாய்க்கு இன்னைக்கு லீவு போல, சகலை" என்கிறார். எல்லோரும் சிரிக்கிறார்கள். எனக்கு எப்படி இருந்திருக்கும்?

அதனால்தான் உன்னைக் கேட்டேன். அன்று காலை நான் கீழே இறங்கிய பிறகு துணி காயப்போட மாடிக்குப் போனவள் நீதானே. தெரியாமல் கை பட்டிருந்தால் சொல்லிவிடு. ஃபைண்டரைப் பிடித்திருக்கிற மூன்று திருகில் எதைத் திருப்பினாய் என்று தெரிந்தால் நான் சரி செய்துகொள்வேன். கோபப்பட மாட்டேன்.

முத்தமிழ்

பெரம்பலூர்
9.9.2003

திரு. முத்தமிழ் அவர்களுக்கு,

நான் படுத்திருக்கவும் இல்லை, குளிக்கவும் இல்லை. இங்கே போன் கூடத்தில் இருக்கிறது. அதைச் சுற்றி அப்பா, அம்மா, அக்கா, அமிர்தலிங்கம் அத்தான் என்று எப்போதும் நாலு பேர். உங்கள் குரலைக் கேட்டால் அழுதுவிடுவேன். அதை நாலு பேர் பார்க்க வேண்டாம் என்றுதான் வரவில்லை.

வழக்கத்துக்காக நான் சொல்லாமல் போகவில்லை. கோபத்தில்தான் போனேன். வழக்கம் எனக்கு வசதியாக இருந்தது, அவ்வளவுதான்.

நீங்கள் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். இரண்டு தடவைதான் கேட்டீர்கள். "ஃபைண்டரத் தொட்டியா?" என்று கேட்டீர்கள், "இல்லீங்க" என்றேன். மறுபடி கேட்டீர்கள், மறுபடி "இல்லீங்க" என்றேன். மூன்றாவது தடவை கேட்கவில்லை. அப்பா பக்கம் திரும்பி, "இவ தொட்டிருக்கா மாமா, அதான்" என்றீர்கள். அதோடாவது நின்றதா? அத்தை, "மாசமா இருக்கறவ எதுல வேணா கை வச்சா எப்புடி வெளங்கும்?" என்றார்கள். இரண்டு கையிலும் முழங்கை வரை வளையல் அடுக்கிக்கொண்டு நின்றேன். கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. நீங்கள் வாயைத் திறக்கவில்லை.

அந்த ஃபைண்டர் வந்த அன்று என்ன சொன்னீர்கள் என்று ஞாபகம் இருக்கிறதா? "புதுசு, கை வைக்காத." நானும் வைக்கவில்லை. கை வைக்காதே என்றவரும் நீங்கள்தான், கை வைத்தாள் என்றவரும் நீங்கள்தான்.

பழைய சின்ன ஃபைண்டர் மங்கல், பிளாஸ்டிக் வில்லை. ஆனாலும் அதை வைத்து வியாழனை உங்களுக்கு முன்னால் நான் பிடித்திருக்கிறேன். புதிதாக வாங்கும்போது நேராகப் பார்க்கிற குழாயாக வாங்குங்கள் என்று சொன்னேன். ஒரு கண் ஃபைண்டரில் இருக்கும், இன்னொரு கண்ணைத் திறந்து வைத்து வானத்தையும் பார்க்கலாம், இரண்டும் ஒன்றாகச் சேரும். நீங்கள் கழுத்து வலிக்கிறது என்று முழங்கை மாதிரி வளைந்ததை வாங்கினீர்கள். குனிந்து அதற்குள் பார்க்கிறவருக்கு வானத்தில் எந்தப் பக்கம் இருக்கிறோம் என்று எப்படித் தெரியும்?

ஒரு கேள்வி கேட்கிறேன். அன்று காலையில் நீங்கள் ஃபைண்டரும் பெரிய குழாயும் ஒரே இடத்தைப் பார்க்கும்படி ஒன்று சேர்த்தீர்கள். எதைப் பார்த்துச் சேர்த்தீர்கள்?

இலக்கியா

அரியலூர்
14.9.2003

இலக்கியா,

'திரு' எல்லாம் போட்டு எழுத நான் என்ன தாசில்தாரா?

வளைந்த ஃபைண்டர் வாங்கியது தப்பில்லை. தலைக்கு மேலே இருக்கிற நட்சத்திரத்தை நேர்க் குழாயில் பார்க்க வேண்டுமானால் தரையில் மல்லாக்கப் படுக்க வேண்டும். அதில் படம் இடவலம் மாறித் தெரிகிறது என்பது மட்டும் உண்மை. செவ்வாயை இடது பக்கம் தள்ள நினைத்தால் வலது பக்கம் ஓடுகிறது. பழகினால் சரியாகிவிடும்.

போன வாரம் முழுக்க இதே வேலைதான். கண்ணாடி சாய்ந்திருக்குமோ என்று குழாயைக் கழற்றிப் பார்த்தேன், சாயவில்லை. கண் வில்லையை மாற்றினேன். ஃபைண்டரின் பிடியில் துருவா என்று பார்த்தேன். சிமெண்ட் தூசிதான் அப்பிக் கிடக்கிறது, வேறொன்றும் இல்லை. கடைசியில் சைபுல்லாவைக் கூப்பிட்டு, கடைக்காரன் உன்னை ஏமாற்றிவிட்டான் என்று சண்டை போட்டேன். அவன், "நீ எழுதிக் குடுத்ததத்தான வாங்கியாந்தேன். வெமான நிலையத்துல இத துப்பாக்கிச் சாமான்னு நெனச்சு ஒரு மணி நேரம் உக்கார வச்சாங்கப்பா" என்றான். இப்போது அவனும் பேசுவதில்லை.

எதைப் பார்த்துச் சேர்த்தேன் என்கிறாய். சுரங்கத்தில் சர்வே பார்க்கிற ஆளிடம் கேட்கிற கேள்வியா இது? வழக்கமாக ஆலைப் புகைபோக்கியின் நுனியைத்தான் பார்ப்பேன், உனக்கே தெரியும். அன்று சாப்பாட்டுப் பந்தலுக்கு மாடியில் தார்ப்பாய் கட்டிவிட்டார்கள். மேற்குப் பக்கம் முழுக்க மறைந்துவிட்டது. அதனால் எதிர் வீட்டு ஆன்டெனாவைப் பார்த்தேன். நுனியில் உட்கார்ந்திருந்த காக்காயின் மூக்கு வரை இரண்டிலும் ஒரே இடத்தில் நின்றது. அவ்வளவு துல்லியம். சாயங்காலத்துக்குள் அது கலைந்தது என்றால், யாரோ தொடாமல் எப்படி?

அம்மா அன்று சொன்னதை மனதில் வைக்காதே. அவள் வாய் அப்படித்தான். மாத்திரையைத் தவறாமல் சாப்பிடு.

முத்தமிழ்

பெரம்பலூர்
19.9.2003

முத்தமிழுக்கு,

எதிர் வீட்டு ஆன்டெனா. படித்துவிட்டுக் கடிதத்தைக் கட்டில் மேல் போட்டுவிட்டு, மாடிக்குப் போய்க் கொஞ்ச நேரம் நடந்தேன். சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது.

உங்கள் மூக்கு நுனியை இரண்டு கண்ணாலும் பாருங்கள். கண் மாறுகண்ணாகும். அப்படியே வைத்துக்கொண்டு சுரங்கத்தின் அடுத்த கரையில் நிற்கிற கம்பத்தைப் பார்க்க முடியுமா? தூரத்தைப் பார்க்க வேண்டுமானால் இரண்டு கண்ணும் நேராக நிற்க வேண்டும். ஃபைண்டருக்கும் பெரிய குழாய்க்கும் நடுவே ஒரு சாண் இருக்கிறது. எதிர் வீடு தெருவைத் தாண்டினால் வந்துவிடும். அவ்வளவு கிட்டே இருக்கிற ஆன்டெனாவில் இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போட்டால், அதற்கு அப்பால் இரண்டும் விலகித்தான் போகும். தொலைநோக்கிக்கு நீங்களே மாறுகண் வைத்துவிட்டு, என்னைத் திருகைத் திருப்பியவள் என்கிறீர்கள்.

போதாததற்கு எடுத்த எடுப்பில் பெரிதாகக் காட்டுகிற கண் வில்லையைப் போட்டீர்கள். அதில் தெரிகிற வானம் ஒரு கடுகளவு. கம்மியாகக் காட்டுகிற வில்லையைப் போட்டிருந்தாலாவது செவ்வாய் ஓரத்தில் எட்டிப் பார்த்திருக்கும். ஆனால் அத்தான் முன்னால் பெரிதாகக் காட்ட வேண்டுமே உங்களுக்கு.

தார்ப்பாயை இந்நேரம் கழற்றியிருப்பார்கள். புகைபோக்கியைப் பார்த்து மறுபடி சேர்த்துவிட்டு எழுதுங்கள். சுரங்கத்தில் ஊரையே அளக்கிறவர், வீட்டில் எதிர் வீட்டோடு நின்றுவிட்டீர்கள்.

அத்தை வாய் அப்படித்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் வாயைப் பற்றி நான் கேட்கவில்லை. உங்கள் வாயைப் பற்றித்தான் கேட்டேன்.

இலக்கியா

அரியலூர்
2.10.2003

இலக்கியா,

பத்து நாளாக மேகம். நேற்றுதான் விட்டது. பகலில் புகைபோக்கியைப் பார்த்துச் சேர்த்தேன். ஏழரை மணிக்குச் செவ்வாயை ஃபைண்டரில் வைத்தேன். பெரிய குழாயிலும் இருந்தது, நடுவிலேயே. ஓரத்தில் வெள்ளையாகப் பனி கூடத் தெரிந்தது. மாடியில் நான் மட்டும்தான் இருந்தேன். காட்ட ஆள் இல்லை.

நீ சொன்னதுதான் சரி. நீ தொடவில்லை. போதுமா?

முத்தமிழ்

பெரம்பலூர்
8.10.2003

மாமா,

போதாது.

நான் தொடவில்லை என்பது எனக்கு முதல் நாளே தெரியும். அதை எனக்கு எதற்கு எழுதுகிறீர்கள்? எங்கே, யார் முன்னால் என்னைச் சொன்னீர்களோ அவர்களிடம் சொல்லுங்கள். அப்பாவிடம், அத்தானிடம், எல்லாருக்கும் மேலே அத்தையிடம். மாடி ஏறும்போது சுவரைப் பிடிக்கிறேன், அப்போதுகூட "எதுல வேணா கை வச்சா" என்பது காதில் கேட்கிறது. பிரசவமாகி மூன்றாம் மாதம் நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரப்போகிறது அந்த வீட்டுக்குத்தான். அங்கே குழந்தைக்குச் சளி பிடித்தால் யார் கை பட்டது என்று கேட்பார்கள்? பால் திரிந்தால் யார் கை?

இது ஃபைண்டரோடு முடிகிற விஷயம் இல்லை. உங்களுக்கு அது புரியவில்லையா, புரிந்தும் தள்ளிப் போடுகிறீர்களா என்று தெரியவில்லை. இரண்டாவது என்றால் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது.

கால் வீக்கம் குறைந்திருக்கிறது. டாக்டர் நவம்பர் முதல் வாரம் என்கிறார்.

இலக்கியா

பெரம்பலூர்
10.12.2003

மாமா,

நேற்று நீங்கள் பஸ் ஏறிய பிறகு எழுத உட்கார்ந்தேன். பாப்பா விடவில்லை. இப்போதுதான் தூங்குகிறாள்.

அவள் பிறந்த அன்று ஆஸ்பத்திரிக்கு வந்தீர்கள். அன்று எதையும் எதிர்பார்க்கவில்லை. நீங்கள் அழுதீர்கள், நானும் அழுதேன், அது வேறு. ஆனால் நேற்று பெயர் வைக்கிற அன்று வளைகாப்புக்கு வந்த அத்தனை பேரும் கூடத்தில் இருந்தார்கள். அத்தையும் இருந்தார்கள். இதைவிட நல்ல சமயம் வருமா? சாப்பிட உட்கார்ந்ததும் அத்தான்தான் ஆரம்பித்தார். "பாப்பாவுக்குச் செவ்வாய்னு பேரு வச்சிருக்கலாம், அவளாவது கண்ணுல அம்புட்டுருக்கா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அப்போது சொல்லியிருக்கலாம். ஒரு வரி போதும். நீங்களும் சேர்ந்து சிரித்தீர்கள்.

பாப்பா காதில் 'கயல்விழி' என்று மூன்று முறை சொன்னீர்கள். எல்லோர் காதிலும் விழ வேண்டியதை ஒரு முறைகூடச் சொல்லவில்லை.

தை கடைசியில் கொண்டு விடலாம் என்று அப்பா நாள் பார்த்துக்கொண்டிருக்கிறார். நான் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். காரணம் கேட்டார், சொல்லவில்லை. நீங்கள் சொல்லுங்கள்.

இலக்கியா

அரியலூர்
20.12.2003

இலக்கியா,

நீ எழுதுவது எல்லாம் நியாயம். ஆனால் என் பக்கமும் ஒன்று இருக்கிறது. பந்தியில் உட்கார்ந்து இலையில் சாம்பாரை வைத்துக்கொண்டு, "அன்னைக்கு ஆன்டெனாவைப் பாத்து அலைன் பண்ணிட்டேன்" என்று சொன்னால் யாருக்குப் புரியும்? உன் அத்தான் அதையும் ஒரு வருடத்துக்கு வைத்து ஓட்டுவார். மாமாவிடம் தனியாகச் சொல்லலாம் என்று வாசல் வரை போனேன். அவர் தென்னம்பிள்ளைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டே மழை இல்லையே என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அம்மாவிடம் சொல்வது இன்னும் கஷ்டம். அப்பா போன பிறகு அவளிடம் எதையும் எதிர்த்துச் சொன்னதில்லை. பழக்கம் விட்டுப் போய்விட்டது.

ஒரு யோசனை. வளைந்த ஃபைண்டரை சைபுல்லாவிடமே கொடுத்துவிட்டு, நீ சொன்ன மாதிரி நேர்க் குழாய், ஐம்பது மில்லி முகப்பு, எட்டு மடங்கு காட்டுவது, வாங்கி வரச் சொல்லிவிடுகிறேன். அவன் தங்கை மர்ஜியா கல்யாணத்துக்கு லப்பைக்குடிகாடு போய்ச் சமாதானம் ஆகிவிட்டேன். பிப்ரவரியில் மறுபடி வருகிறான். நீ வரும்போது அது பொருத்தி இருக்கும். சரிதானே?

முத்தமிழ்

பெரம்பலூர்
26.12.2003

மாமா,

சரியில்லை.

நல்ல ஃபைண்டர்தான் நீங்கள் சொல்வது. முகப்பு அகலம், மங்கல் நட்சத்திரமும் தெரியும், நேராகப் பார்க்கலாம். வாங்குங்கள், உங்கள் இஷ்டம். ஆனால் எனக்குப் பதிலாக அதை வாங்காதீர்கள். கோணலாக இருந்தது ஃபைண்டர் இல்லை.

அத்தையை எதிர்த்துப் பேசச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்லச் சொல்கிறேன். இரண்டும் ஒன்றாக உங்களுக்குத் தெரிகிறதே, அதுதான் என் கவலை.

இனி இதைப் பற்றி எழுத மாட்டேன். சொன்னதையே சொல்லி எனக்கே சலித்துவிட்டது. பாப்பா நன்றாக இருக்கிறாள்.

இலக்கியா

அரியலூர்
27.1.2004

இலக்கியா,

உன்னிடமிருந்து ஒரு மாதமாகக் கடிதம் இல்லை. பொங்கலுக்கு வந்தபோதும் நீ பாப்பாவைக் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாய். திரும்பி வருகிற பஸ்ஸில் அரியலூர் வரைக்கும் யாரோடும் பேசப் பிடிக்கவில்லை.

நேற்று குடியரசு தினம், லீவு. காலையில் அம்மா, "எப்பக் கொண்டாந்து விடறாங்களாம்?" என்றாள். "அவ வரமாட்டா" என்றேன். ஏன் என்றாள். நீ சொன்னதால்தான் என்றேன். "நா என்னத்தச் சொன்னேன்?" என்கிறாள். அவளுக்கு ஞாபகமே இல்லை, இலக்கியா. நீ அஞ்சு மாதமாகச் சுமக்கிறதை அவள் அன்றைக்கே அங்கேயே போட்டுவிட்டாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவள் மேலா, என் மேலா என்று தெரியவில்லை.

நேரே மாடிக்குப் போனேன். திருகுகளைத் தளர்த்தினேன். வளைகாப்பன்று செய்த மாதிரியே எதிர் வீட்டு ஆன்டெனாவைப் பார்த்துச் சேர்த்தேன். அதே கண் வில்லையைப் போட்டேன். ஏழு மணிக்கு அம்மாவைக் கையைப் பிடித்து மேலே அழைத்துப் போனேன். கிழக்கே சனி நன்றாக ஏறியிருந்தது. ஃபைண்டரில் காட்டினேன். "நடுக்கோட்டுல நிக்குது" என்றாள். பெரிய குழாயில் பார்க்கச் சொன்னேன். பார்த்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

"ஒண்ணுங் காணுமேடா. இருட்டால்ல இருக்கு."

"ஆமா."

"யார்ரா தொட்டா இத?"

அவளே சுற்றிப் பார்த்தாள். மாடியில் நாங்கள் இரண்டு பேர்தான். "அன்னைக்கும் இப்புடித்தானா?" என்றாள். "இப்புடித்தான். யாரும் தொடல. நான்தான் கிட்டக்க இருக்கறதப் பாத்துட்டு எட்ட இருக்கறதத் தேடுனேன். அவ ரெண்டு தடவ இல்லன்னா, நான் கேக்கல" என்றேன்.

அம்மா தண்ணீர்த் தொட்டித் திட்டில் உட்கார்ந்துகொண்டாள். நீ நினைப்பது போல அழவெல்லாம் இல்லை. என்னைத்தான் திட்டினாள். "இத அன்னைக்கே சொல்றதுக்கு என்ன கேடு? வயித்துப்புள்ளைக்காரிய அழ வச்சு அனுப்பிருக்க." நீயும்தானே சொன்னாய் என்றேன். "நா ஆயிரம் சொல்லுவேன். புருசன் நீ எதுக்கு இருக்க?" என்றாள்.

அப்புறம் ஒரு நட்சத்திரத்தை வைத்து இரண்டையும் சரியாகச் சேர்த்து சனியைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தாள். "அவ பாத்துருக்காளா இத?" என்றாள். போன வருடம் நீதான் எனக்கே பிடித்துக் கொடுத்தாய் என்று சொன்னேன்.

நாளைக்குக் காலையில் உங்கள் வீட்டுக்குப் போன் செய்வேன் என்கிறாள். நானும் பேசுவேன். கூடத்தில் எத்தனை பேர் இருந்தாலும் பேசுவேன். எழுதிவிட்டேன், இனிப் பின்வாங்க முடியாது.

முத்தமிழ்

பெரம்பலூர்
1.2.2004

மாமா,

உங்கள் கடிதத்துக்கு முன்னால் போன் வந்துவிட்டது. அத்தான்தான் எடுத்தார். கூடத்தில் வழக்கம் போல எல்லோரும் இருந்தார்கள். அத்தை அம்மாவிடம் பேசினார்கள். பிறகு என்னைக் கூப்பிடச் சொன்னார்கள். நான் போனேன். ஐந்து மாதத்தில் அந்தப் போனை முதல் தடவை கையில் வாங்கினேன். "நீ தொடலயாம்ல" என்றார்கள். "ஆமாங்கத்த" என்றேன். "எனக்குத் தெரியாது பாரு" என்றார்கள். அதற்கு மேல் அவர்களிடம் நான் எதிர்பார்க்கவில்லை. பேத்திக்கு எத்தனை கிலோ என்று கேட்டார்கள்.

நீங்கள் அத்தானிடம் பேசியது எனக்கும் கேட்டது. நீங்கள் கத்திப் பேசினீர்கள், அவர் காதை விட்டுத் தள்ளிப் பிடித்துக்கொண்டார், கூடமே கேட்டது. ஆன்டெனா என்றதும் சிரிக்கப் போனார். "சிரிங்க சகலை, ஆனா அவ மேல தப்பு இல்ல, நான் அன்னைக்கு வாய் தவறிச் சொல்லல, அவ இல்லன்னு சொல்லியும் அவ மேல போட்டேன்" என்றீர்கள். அவர் சிரிக்கவில்லை. அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். இத்தனை நாள் நான் ஏன் வரமாட்டேன் என்றேன் என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. என் தலையில் கை வைத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போனார்.

கோபம் மொத்தமும் போய்விட்டது என்று எழுதினால் பொய். நான் தொடவில்லை என்பதை நம்ப உங்களுக்கு ஒரு காக்காயும் ஒரு புகைபோக்கியும் வேண்டியிருந்தது, அதை வெளியே சொல்லச் சனி வேண்டியிருந்தது. நான் சொன்னதே போதுமாக இருந்திருக்கலாம். இது இன்னும் கொஞ்ச நாள் இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை அப்பா கொண்டு வந்து விடுகிறார். அன்று சொல்லாமல் போனவள் இப்போது முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், வருகிறேன்.

சைபுல்லா அண்ணன் புது ஃபைண்டர் கொண்டு வந்தால் பெட்டியைப் பிரிக்காமல் வையுங்கள். வளைந்ததை இதுவரை நான் தொட்டதில்லை. புதியதை நான்தான் பொருத்துவேன், அத்தை பக்கத்தில் நின்று பார்க்கட்டும்.

இலக்கியா